செடிக்கு வந்த ஆராய்ச்சி மனிதனுக்கு ஏன் வரவில்லை?

(கண்டியில் நடைபெற்ற தோட்ட, கிராமச் சுகாதாரத் தொண்டர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"சுகாதாரச் சங்கங்களும் ஆராய்ச்சிச் சான்றுகளும்" என்பது எனக்கு இன்று அளிக்கப்பெற்ற தலைப்பு. தலைப்பைக் கேட்ட அளவிலேயே பாதிப்பேர் எழுந்து தேநீர்க் கடைப் பக்கம் போயிருந்தாலும் நான் வருந்தியிருக்க மாட்டேன். இருந்து கேட்க முன்வந்தீர்கள், நன்றி. ஆனால் இது படித்தவர்க்கு மட்டும் உரிய பேச்சு அன்று. மருந்து தெளிக்கும் கமக்காரனுக்கும், கொழுந்து பறிக்கும் தாய்க்கும், அவள் பிள்ளைக்கு நிறை பார்க்கும் மருத்துவச்சிக்கும் உரிய பேச்சு. ஆராய்ச்சி யாரைக் கொண்டு நடக்கிறது, அதன் பயன் யார் வீட்டு வாசலைப் போய்ச் சேர்கிறது என்னும் கேள்வி அரசியற் கேள்வியே அன்றி வேறன்று.

தலவாக்கொல்லையிலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நிலையம். 1946இல் இலையிலே கொப்புளம் எழுப்பும் நோயொன்று இந்நாட்டுத் தேயிலையைப் பற்றிக்கொண்டது. பற்றியதும் என்ன நடந்தது? ஆராய்ச்சியாளர் அதன் பின்னே அலைந்தார்கள். கண்ட முடிவுகளைத் தங்கள் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடவில்லை. அந்நிலையத்தின் அறிவுரைச் சுற்றறிக்கைகள் தோட்டத் துரைமாரின் மேசையைத் தேடிச் செல்வது இந்நாட்டில் பழைய வழக்கம். நெல்லுக்கும் மரக்கறிக்கும் அப்படியே. அதோ, பேராதனைப் பூங்காவுக்கு அக்கரையில் கன்னொறுவை. அங்கே கண்ட முடிவைத் தோளில் சுமந்து வயல்வரப்பு வரை கொண்டுவர விவசாயப் போதனாசிரியர் என்று ஒருவரை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. அவர் நேரத்துக்கு வருகிறாரா என்பது வேறு வழக்கு. அதற்கு இன்று போக வேண்டாம். வரவேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பதே இங்கு பொருள்.

அந்தத் தேயிலைச் செடியிலே கொழுந்து பறிப்பவளின் உடலைப் பற்றியும் ஆராய்ச்சி நடக்கிறது. அவள் இரத்தத்தைப் பற்றி, அவள் பிள்ளையின் உயரத்தைப் பற்றி, அவள் கணவன் குடிப்பதைப் பற்றி, அவள் குடியிருக்கும் லயத்தின் புகையைப் பற்றி ஏடு ஏடாக எழுதப்பெற்றிருக்கிறது. அதைச் சுமந்து லயத்து வாசலுக்குக் கொண்டுவர எவர் இருக்கிறார்? செடிக்கு வந்த ஆராய்ச்சி மனிதனுக்கு ஏன் வரவில்லை?

மாத்தளையில் நடந்தது

இது புதிய கதையன்று. 1916ஆம் ஆண்டிலே, அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் அறநிலையத்தின் சுகாதாரப் பிரிவினர் இலங்கைக்கு வந்து, நமக்கு வடக்கே பதினாறு மைலில் உள்ள மாத்தளைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். தென்னாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் வரிசையில் நிறுத்தப்பெற்றனர்; மலம் பரிசோதிக்கப்பெற்றது; மிகப் பெரும்பாலோர் வயிற்றில் புழு இருப்பது தெரிந்தது. மருந்து கொடுத்தார்கள். புழு போயிற்று. சில மாதங்களில் திரும்ப வந்தது.

ஏன் வந்தது? புழு மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே ஏறுகிறது. மண்ணுக்கு அது மலத்தின் வழியே வருகிறது. மலசலகூடம் கட்டாத தோட்டத்தில் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும். வந்த மருத்துவர்க்கு இது தெரியாததன்று, அறிக்கைகளிலே எழுதினார்கள். ஆனால் மலசலகூடம் கட்டுவதற்குக் காசு கொடுக்க வேண்டியவர்கள் தோட்ட முதலாளிகள், கட்டாமல் இழுத்தடித்தார்கள். மருந்து மலிவு, கட்டடம் செலவு.

அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றுக் கடல் கடந்து நியூயார்க்குக்குப் போயின. மாத்தளைத் தோட்டத்திலே ஒரு கங்காணியாவது, ஒரு தொழிலாளியாவது "ஐயா, உங்கள் மருத்துவரே மலசலகூடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாரே, எங்கே அது?" என்று கேட்கத்தக்க நிலையில் இருந்தானா? இல்லை. சான்று அவன் உடலிலிருந்து எடுக்கப்பெற்றது. அவன் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் அது அவன் கையில் ஆயுதம் ஆகியிருக்கும்.

சான்று என்று நான் சொல்வது இதனைத்தான். ஒரு காரியத்தைச் செய்தால் பயன் உண்டா இல்லையா என்பதைச் செய்து பார்த்து, எண்ணிப் பார்த்து, பிறர் சரிபார்க்கத்தக்க முறையில் எழுதி வைத்த சாட்சியம்.

பேராதனையின் பெருமை

நூறாண்டுக்கு முந்திய கதையை விட்டு நம் காலத்துக்கு வருவோம். இனி நான் கூறப்போவது கமக்காரத் தோழர்களின் உயிரோடு தொடர்புடையது. தாய்மார்கள் பொறுத்துக் கேட்க வேண்டும், கேட்பதற்குத் துயரமானது.

1995ஆம் ஆண்டிலே இந்த இலங்கைத் தீவு தற்கொலையில் உலகின் முன்வரிசையில் நின்றது. இலட்சம் பேருக்கு 47 பேர் என்பது அவ்வாண்டின் கணக்கு. மிகப் பலர் கமத்தொழில் செய்யும் ஊர்களைச் சேர்ந்தவர்கள். கையெட்டும் இடத்தில் இருந்தது பயிருக்கு அடிக்கும் நஞ்சு. ஒரு மணி நேரக் கோபம், ஒரு மாலை நேரத் துயரம் – விடிந்திருந்தால் தணிந்திருக்கும். விடியும்வரை அந்த நஞ்சு விடவில்லை. இதனை அன்று நம்மவர் எப்படிப் பேசினார்கள்? "விதி" என்றார்கள். "பிள்ளை வளர்ப்புச் சரியில்லை" என்றார்கள். மேடை ஏறி ஒழுக்கம் போதித்தார்கள்.

விதியை விட்டு விவரத்தைத் தேடினவர்கள் சிலர் இருந்தார்கள். பேராதனை, கொழும்பு, அனுராதபுரம் ஆகிய இடங்களிலிருந்த நம் நாட்டு மருத்துவர்களும், அவர்களோடு சேர்ந்த வெளிநாட்டு மருத்துவர்களும் ஆஸ்பத்திரிப் படுக்கை படுக்கையாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். அனுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளுக்கு 2002 முதல் 2008 வரை கொண்டுவரப்பெற்ற 9,302 பேரின் கதியை எழுதி வைத்தார்கள். எந்த மருந்தை உண்டவர் பிழைக்கிறார், எந்த மருந்தை உண்டவர் மாள்கிறார் என்று பிரித்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. சில மருந்துகளை உண்டவர்களில் ஒருவரும் மாளவில்லை. வேறு சிலவற்றை உண்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் மாண்டனர். எலிக்குக் கொடுத்துப் பார்த்து இந்த மருந்து கொடியது, இந்த மருந்து சாது என்று உலகமெங்கும் வகுத்து வைத்திருந்த பட்டியல் மனிதனுக்குப் பொருந்தவில்லை! எலியின் சாட்சியத்தை நம்பி மனிதனைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்தச் சாட்சியம் எங்கே போய்ச் சேர்ந்தது? கெட்டம்பேக்கு. அங்கேதான் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி எந்த மருந்து இந்நாட்டில் விற்கலாம், எது விற்கலாகாது என்று கூறும் அதிகாரம் அவருக்குரியது. மிகக் கொடிய வகையைச் சேர்ந்த மருந்துகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் நிறுத்தினார்கள். படுக்கை படுக்கையாக எடுத்த கணக்கும் கையில் இருந்த காலத்தில், 2008 முதல் 2011 வரை பரக்குவாட் முதலிய மூன்றைப் படிப்படியாக நிறுத்தினார்கள்.

பயன்? தற்கொலை விகிதம் உச்சத்திலிருந்து நூற்றுக்கு எழுபது அளவுக்கு இறங்கியது. 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டோடு ஒப்பிட, ஏறத்தாழ 19,800 தற்கொலைச் சாவுகள் குறைந்தன என்று 2007இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பத்தொன்பதாயிரத்து எண்ணூறு உயிர்! ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகை. போதனையால் காப்பாற்றியதா? இல்லை. ஒழுக்கப் பிரசங்கத்தால் காப்பாற்றியதா? இல்லை. எது கொல்கிறது என்று எண்ணிப் பார்த்து, அதனைக் கடையிலிருந்து எடுத்துவிட்டதனால் காப்பாற்றியது.

கமக்காரத் தோழர்களின் மனத்தில் ஒரு கேள்வி எழும். "மருந்தை நிறுத்தினால் விளைச்சல் என்னாவது?" நியாயமான கேள்வி. அதற்கும் விடை உண்டு. பதிவாளராக இருந்த காமினி மனுவீர அவர்களும் மருத்துவ ஆய்வாளர்களும் சேர்ந்து, தடைக்கு முன்னும் பின்னும் நெல்லும் மரக்கறியும் என்ன விளைந்தன என்று கணக்குப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். தடையினால் விளைச்சல் விழவில்லை. அந்தக் கட்டுரை எவரும் காசின்றிப் படிக்கத் திறந்து வைக்கப்பெற்ற சஞ்சிகையிலே வந்தது.

நான் உங்களைக் கேட்கிறேன்: இந்த மண்டபத்திலே அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? மேடையில் இருப்பவர்களையும் சேர்த்தே கேட்கிறேன். ஆய்வு உலகம் முழுவதும் போயிற்று. வேறு நாடுகளுக்கு இலங்கையை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். கெட்டம்பேயிலிருந்து கலகாவுக்கும் தெல்தோட்டைக்கும் அது வந்து சேரவில்லை. ஜெனீவாவுக்குப் போகத் தெரிந்த காகிதத்துக்குக் கலகா பஸ் ஏறத் தெரியவில்லை!

பூட்டுப் பெட்டியின் கதை

படிக்காவிட்டால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். கூறுகிறேன்.

நஞ்சு கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால்தானே ஆபத்து. வீட்டுக்கொரு பூட்டுப் பெட்டி கொடுத்துவிட்டால் என்ன? நல்ல யோசனையாகத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் உங்களுக்கும் தோன்றும். மருந்துக் கம்பனிகளுக்கோ அது தேனாக இனித்தது. மருந்தை நிறுத்த வேண்டாம், பெட்டி கொடுத்தால் போதும் என்பது வியாபாரத்துக்கு இடையூறில்லாத தருமம். தொண்டு நிறுவனங்களுக்கும் பிடித்தது. பெட்டி கொடுப்பதைப் படம் பிடிக்கலாம், எத்தனை பெட்டி என்று அறிக்கையில் எழுதலாம்.

ஆனால் அனுராதபுரப் பகுதியிலே சிலர் அதனைச் செய்து பார்த்தே தீர்வது என்று முடிவு செய்தார்கள். 180 கிராமங்கள். 53,382 வீடுகள். கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரு பங்காக்கினார்கள். ஒரு பங்குக்குப் பூட்டுப் பெட்டி. மறு பங்குக்கு வழக்கம்போல். கமக்காரர்களுக்கு இந்த முறையை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே வயலைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியில் புதிய விதை, மறு பாதியில் பழைய விதை போட்டுப் பார்ப்பவர்கள் நீங்கள். எது நல்ல பாதி என்று நீங்களாகத் தெரிந்தெடுத்தால் சோதனை பொய்யாகிவிடும், ஆகவே குலுக்கல். பின்பு மூன்று ஆண்டுகள் காத்திருந்து எண்ணினார்கள். அத்தனை ஊர்களையும் அத்தனை காலம் கண்காணிப்பது எவ்வளவு பொறுமையான வேலை என்பதை எண்ணிப் பாருங்கள்.

2017ஆம் ஆண்டு லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' சஞ்சிகையில் முடிவு வந்தது. பெட்டி பெற்ற ஊர்களில் நஞ்சுண்டவர் ஓராண்டில் இலட்சத்துக்கு 293. பெறாத ஊர்களில் 318. குறைந்தது போலத் தோன்றுகிறதே என்பீர்கள். இரு பாத்திகளின் விளைச்சல் ஒருபோதும் மணிக்கு மணி ஒத்திராது. இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது என்பது கணக்கு. பெட்டி அந்த நோக்கத்துக்கு உதவவில்லை. பூட்டுக்குச் சாவி வீட்டிலேயே இருக்கிறது; பெட்டியைப் பூட்ட மறந்துபோகிறது; அடுத்த தெருவில் கடை திறந்திருக்கிறது.

நாளைக்கு ஒரு நிறுவனம் உங்கள் சங்கத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஆயிரம் பெட்டி தருகிறோம், கூட்டம் போடுங்கள், மாலை வாங்கி வையுங்கள்" என்கிறது. அந்த ஓர் ஆய்வை ஒருவராவது படித்திருந்தால் என்ன கேட்பார்? "ஐயா, பெட்டிக்குச் செலவிடும் பணத்தை வேறொன்றுக்குத் தாருங்கள். துயரத்தில் இருப்பவரோடு பேசத் தெரிந்த நான்கு பேரைப் பயிற்றித் தாருங்கள். எங்கள் கடைகளிலே தடைசெய்த மருந்து களவாக விற்கிறதா என்று பார்க்க உதவுங்கள்" என்று கேட்பார். படிக்காதவர் மாலை வாங்கப் போவார். நட்டம் இதுதான்.

தமிழ்நாட்டிலே சென்னை நகரில் 'சிநேகா' என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் 1986இல் நிறுவியது. தற்கொலை எண்ணம் உடையவர்களுக்குக் காது கொடுப்பதே அதன் தொழில். அவர்கள் பிறர் ஆய்வைப் படித்ததோடு நிற்கவில்லை. காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்களிலே, வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான காப்பறையிலே மருந்தை வைத்தால் மக்கள் ஏற்பார்களா என்று தாங்களே சோதித்து, 2013இல் எவரும் படிக்கத்தக்க சஞ்சிகையில் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு மக்கள் அமைப்பு ஆய்வேட்டைப் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும் என்பதற்கு அது போதும்.

வழி எங்கே?

"படி, படி என்கிறீர், எங்கே கிடைக்கிறது, எப்படிப் படிப்பது?" என்பதற்கு வருகிறேன்.

முன்பு இக்கேள்விக்கு விடையே இல்லை. மேல்நாட்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றின் ஆண்டுச் சந்தா ஒரு தோட்டச் சங்கத்தின் பத்தாண்டு வருமானத்தை விழுங்கும். இன்று நிலைமை மாறியிருக்கிறது. முழுவதும் அன்று, பெரும் பகுதி. அமெரிக்க அரசாங்க மருத்துவ நூலகம் 1997 முதல் மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்களை உலகத்தார்க்கு இலவசமாகத் திறந்துவிட்டது. முழுக் கட்டுரையையும் இலவசமாகத் தரும் சஞ்சிகைகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. நான் மேலே கூறிய 9,302 பேரின் கணக்கும் அத்தகைய சஞ்சிகையிலேயே வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு பேசி, ஏழை நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ சஞ்சிகைகளைத் தரும் 'ஹினாரி' என்னும் திட்டத்தை 2002இல் தொடங்கியது. அதில் பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் மட்டுமல்ல, தொண்டு நிறுவனங்களும் பதிவு செய்துகொள்ளலாம். இலங்கைச் சஞ்சிகைகளுக்கென்றே தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆதரவில் 2008 முதல் ஒரு தொகுப்பு இருக்கிறது, காசு இல்லை. இவ்வளவும் இன்று கைத்தொலைபேசியிலே வருகின்றன. பிள்ளைகள் அதில் சினிமாப் பாட்டுக் கேட்பதை நான் குறை கூறவில்லை. இதுவும் அதே பெட்டிக்குள்தான் இருக்கிறது என்கிறேன்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புக் கூறாதீர்கள். சுருக்கத்தில் வெற்றி முழங்கும். உள்ளே போனால் நாற்பது பேரை வைத்து நடத்திய சோதனையாக இருக்கும். முழுக் கட்டுரை பூட்டிக் கிடந்தால் அதனை எழுதியவர்க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் அனுபவத்திலே, ஆய்வாளர்கள் இதில் பெருந்தன்மை உடையவர்கள். தங்கள் எழுத்தை ஒருவன் படிக்கக் கேட்கிறான் என்றாலே உள்ளம் குளிர்ந்துவிடுகிறார்கள்! அவரே பேராதனையில் இருந்தால் கடிதமும் வேண்டாம். பஸ் ஏறிப் போகலாம். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. 1962இல் அங்கே மருத்துவ பீடம் தொடங்கியது. நம் வரிப்பணத்தில் நடப்பது. அதன் வாசலில் நிற்க நாம் கூச வேண்டியதில்லை.

ஓர் ஆய்வு ஒன்றைக் கூறும், மற்றோர் ஆய்வு வேறொன்றைக் கூறும். பாமரன் எதை நம்புவது? இதற்காகவே பிரித்தானியாவில் 1993இல் 'கொக்ரேன்' என்னும் கூட்டமைப்புத் தோன்றியது. ஒரு கேள்வி பற்றி உலகில் நடந்த சோதனைகள் அனைத்தையும் திரட்டி, நல்லது பொல்லாதது பிரித்து, ஒரே தராசில் நிறுத்தித் தருவது அதன் வேலை. இந்திய அரசாங்கம் 2007இல் தன் நாட்டு மக்கள் அனைவரும் அதனை இலவசமாகப் படிக்கப் பணம் கட்டியது. இன்னொரு செய்தி உங்களை மகிழ்விக்கும்: அத்தொகுப்புகளின் எளிய சுருக்கங்கள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பெற்றிருக்கின்றன. தமிழ்த் தொண்டர்கள் செய்த வேலை. நடை சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். இருந்தாலென்ன, வாசல் திறந்திருக்கிறது.

சான்றில்லாத ஆணை

சான்றைத் தேடாத குற்றம் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. அரசாங்கங்களே அக்குற்றத்துக்கு ஆளாகியிருக்கின்றன.

வடமத்திய மாகாணத்துக் கமக்காரரை அரித்துத் தின்னும் சிறுநீரக நோயை அறிவீர்கள். அதற்குக் களைகொல்லியாகிய கிளைபோசேட்டே காரணமாக இருக்கலாம் என்று 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அக்கட்டுரை ஓர் ஊகத்தை முன்வைத்தது, நிரூபித்துவிட்டதாகக் கூறவில்லை. ஊகம் விஞ்ஞானத்துக்கு விதை; விளைச்சல் அன்று. 2015இல் அரசாங்கம் அதனை நாடு முழுவதும் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. இடையில் தேயிலை மலைகளில் புல் மண்டியது. புல் வெட்ட ஆள் தேடினார்கள். நோயாளிக்கு அதனால் என்ன பயன் கிடைத்தது என்று எண்ணிச் சொன்னார் எவரும் இலர்.

அதனினும் பெரிது 2021. ஒரே ஆணையால் இரசாயன உரமும் மருந்தும் நாட்டுக்குள் வரலாகாது என்றார்கள். நம் மலைநாட்டு உருளைக்கிழங்குக் கமக்காரரும், கோவாச் செய்கைக்காரரும், தேயிலைச் சிறுதோட்டக்காரரும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அவ்வாண்டு முடிவதற்குள் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். விழுந்த விளைச்சலைத் திரும்பப் பெற முடியவில்லை. 1995இன் தடையையும் 2021இன் தடையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னது எந்த மருந்து என்று பெயர் சொல்லிப் பொறுக்கி எடுத்தது. பின்னது அனைத்தையும் வாரிக் கொட்டியது. இரண்டும் 'தடை' என்ற ஒரே பெயரில் வழங்குவதால் ஒன்றன் பழியை மற்றதன் மேல் ஏற்றாதீர்கள். இனி மருந்துக் கம்பனியின் ஆட்கள் வந்து, "பார்த்தீர்களா, தடை என்றால் இப்படித்தான்" என்பார்கள். அப்பொழுது 2008ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்து அவர்கள் முன் நீட்டத்தக்கவர் உங்கள் ஊரில் ஒருவராவது இருக்க வேண்டாமா?

சம்மதத்துக்கு மட்டுமா தமிழ்?

இனி நம் மொழியைப் பற்றிய ஒரு வழக்கு.

தோட்டத்திலே ஆராய்ச்சி செய்ய வருபவர் ஒரு படிவம் கொண்டு வருவார். "இந்த ஆராய்ச்சியில் சேர எனக்குச் சம்மதம்" என்னும் படிவம். ஒழுக்க நெறிக் குழுவின் விதிப்படி அது பங்குபற்றுவோர் அறிந்த மொழியில் இருக்க வேண்டும். ஆகவே தமிழில் இருக்கும். நம் தாய் அதில் கையெழுத்திடுகிறாள், அல்லது பெருவிரல் வைக்கிறாள். இரத்தம் கொடுக்கிறாள். பிள்ளையை அளக்கக் கொடுக்கிறாள். ஓராண்டு கழித்து முடிவு வெளியாகிறது: ஆங்கிலத்தில், அவள் பார்க்கவே போகாத சஞ்சிகையில். சம்மதம் வாங்கத் தமிழ் வேண்டும். முடிவைச் சொல்லத் தமிழ் வேண்டாமா? வாங்கும்போது ஒரு மொழி, கொடுக்கும்போது ஒரு மொழியா? 1987 முதல் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. நான் சட்ட வழக்குப் பேசவில்லை; சாதாரண நாணயம் பேசுகிறேன். கடன் வாங்கியவன் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஆய்வாளர்களைப் பகைக்க நான் கூறவில்லை. அவர்களில் பலர் நல்லவர்கள், நம்மவர்கள். கட்டுரை வெளியானால் பதவி உயர்வு உண்டு. லயத்தில் வந்து விளக்கினால் உயர்வு இல்லை என்னும் ஏற்பாட்டுக்குள் அவர்களும் அகப்பட்டிருக்கிறார்கள். ஏற்பாட்டை மாற்றக் கேட்போம். தோட்டத்திலோ கிராமத்திலோ ஆய்வு நடத்த எவர் வந்தாலும், முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கத்தில் எழுதி, அந்த இடத்துச் சங்கத்துக்கும் மருத்துவ உதவியாளருக்கும் நேரில் வந்து சொல்வதாக எழுதிக் கொடுத்தாலன்றி வாசல் திறப்பதில்லை என்று நம் சங்கங்கள் தீர்மானம் செய்யட்டும். இதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, நிதியும் வேண்டியதில்லை.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு சங்கமும் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவது போல ஏடறிவாளர் என்று ஒருவரைத் தெரியட்டும். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த இளைஞரோ ஆசிரியரோ ஓய்வுபெற்ற தாதியோ போதும். அவர் டாக்டராக வேண்டியதில்லை. மாதம் ஒரு கேள்வி எடுத்து, அது பற்றி என்ன தெரிந்திருக்கிறது என்று தேடி, ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, சங்கக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கேள்வியைக் கூர்மையாகக் கேட்பதே பாதி வேலை. "மருந்து நல்லதா?" என்பது கேள்வியாகாது. யாருக்கு, எதைச் செய்தால், எதைச் செய்யாததோடு ஒப்பிட, என்ன குறையும் – இத்தனையும் இருந்தால்தான் கேள்வி. தேடிக் கிடைத்ததில் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் மறவாமல் எழுதட்டும். பெட்டி நல்லது என்று பெட்டி விற்பவன் காசில் வந்த ஆய்வு கூறினால், அதனைத் தள்ள வேண்டியதில்லை. இரண்டு முறை படிக்க வேண்டும்.

இவற்றைச் சேர்த்து வைக்க ஓரிடம் வேண்டும். 1972இல் போல் காஸ்பர்ஸ் அடிகளார் கண்டியிலே நிறுவிய சத்தியோதயம், தோட்ட மக்களின் வாழ்வைப் பற்றி எழுதியும் வெளியிட்டும் தொண்டு செய்தது. தமிழன் சிங்களவன் என்று பாராத தொண்டு. அந்த மரபு நம் நகரத்துக்கு உண்டு. பொது நூலகத்தில் ஓர் அலுமாரி கேட்டுப் பெறுவது நமக்கு இயலாத காரியமன்று.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

முதற் கேள்வியை நானே எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப் பகுதியிலோ 31.7. மூன்றில் ஒரு பிள்ளை! இதற்குச் சத்துமாப் பொட்டலம் கொடுக்கிறார்கள். பிள்ளை பிறந்தபின் பொட்டலம் கொடுத்தால் உயரம் கூடுகிறதா, தாய் கருவுற்றிருக்கும்போதே அவளுக்கு உணவும் ஓய்வும் கொடுத்தால் கூடுகிறதா, குழாய் நீரும் மலசலகூடமும் சீரானால் கூடுகிறதா? இம்மூன்றையும் பற்றி உலகில் சோதனைகள் நடந்திருக்கின்றன. முடிவுகள் எளியவையல்ல, சில நம் எண்ணத்துக்கு மாறானவை. அவற்றைத் தேடி எடுத்து, அடுத்த மாதம் இதே மண்டபத்தில் ஒரு பக்கத்தில் வாசிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோட்டத்திலிருந்து, ஒருவர் கிராமத்திலிருந்து. புசல்லாவையிலிருந்து வந்திருக்கும் ஆசிரியை ஒருவர் முன்பே பெயர் கொடுத்துவிட்டார். மற்றவர் பெயரை வெளியே போகுமுன் செயலாளரிடம் கொடுக்கலாம்.